கோபுரத்தில் கட்டிய கயிறு

இரும்புக் கோபுரம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மிகச் சிறிய சாய்வுதான். ஆயினும் மயூரதன் சிறிய சாய்வுகளை மன்னிக்கும் பொறியியலாளர் அல்லர்.

"இதுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது," என்றார்.

தோட்டத் தலைவர் கணேசமூர்த்தி பதறினார். "ஐயையோ, சேர்! இன்னைக்கு வைக்கலேன்னா சாமானெல்லாம் தலவாக்கலப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருமே! புள்ளைங்க கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சுப் பூப்போட்டு ஒக்காந்திருக்குதுங்க."

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள அத்தோட்டத்திற்குக் கம்பியில்லா இணையம் வரவிருந்தது. அதற்கான கருவியைக் காற்றிலும் அசையாமல் தாங்கும் பலம் கோபுரத்திற்கு உண்டா என்று சோதிக்கவே மயூரதன் வந்திருந்தார்.

சாய்வின் காரணம் கண்முன்னே தெரிந்தது. லயத்துக் கூரையின் மேலாக வந்த தடித்த கயிறுகள் கோபுரத்தின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தன. மறுமுனைகள் லயத்தின் அந்தக் கோடியிலுள்ள மரங்களில் இருந்தன.

"உந்தக் கயிறை ஆர் கட்டினது?"

"நம்ம சனந்தாங்க சேர். போன காத்துக் காலத்துல."

மயூரதன் நெகிழ்ந்துபோனார். ஒரு கோபுரம் விழாதிருக்க ஊரே கயிறு கட்டியதாக அவர் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. அந்த அன்பை அவிழ்க்க மனமின்றி, கோபுரத்தைப் பிடித்திருந்த எதிர்ப்பக்க இரும்பு வடத்தை முறுக்கினார். கோபுரம் நிமிர்ந்தது. லயத்துக்குள் ஏதோ உருண்டது.

அங்கே குடியிருந்த அம்மாக்கண்ணு கரண்டியோடு வெளியே வந்தாள். "யாருய்யா அது? கூரை கிறீச்சுங்குது, கரியெல்லாம் கொழம்புல கொட்டுது!"

மயூரதன் வடத்தைத் தளர்த்தினார். கோபுரம் பழையபடி சாய்ந்தது. அது கீழ் லயம்; எதிர்ப்பக்க மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேல் லயத்தாருக்கு ரோஷம் வந்தது.

"கீழ் லயத்துக்காரங்க மட்டுந்தான் இழுப்பாங்களா? நாங்க என்ன சோறு திங்கலையா?"

அவர்களும் ஒரு கயிற்றைப் போட்டு எதிர்த்திசையில் இழுத்தார்கள். கோபுரம் மறுபக்கம் சாய்ந்தது.

"விடுங்கோ! எல்லாரும் விடுங்கோ!" என்று மயூரதன் அலறினார். "கோபுரம் தன்ர காலில நிக்கவேணும். ஒரு கயிறும் இருக்கக் கூடாது. அவிழுங்கோ!"

"காத்து வருதுங்க சேர்..." என்று அம்மாக்கண்ணு தொடங்கினாள்.

"வரட்டும் அம்மா! அதுக்குத்தானே சோதனை."

"நீ சும்மா இரு, அம்மாக்கண்ணு," என்று கணேசமூர்த்தி அடக்கினார். "சேர் கையெழுத்து வைக்கப் போறாரு."

கயிறுகள் அவிழ்ந்தன. கோபுரம் நேரானது. அப்போதே மலையிடுக்கிலிருந்து காற்றும் இறங்கியது. மரங்கள் வளைந்தன, கணேசமூர்த்தியின் குடை பறந்தது, கோபுரம் மட்டும் அசையவில்லை. மயூரதன் பூரிப்போடு கையெழுத்திட்டார்.

பின்னால் 'தடார்' என்றொரு சத்தம். அம்மாக்கண்ணு வீட்டுத் தகரமொன்று எழும்பிப் பறந்து தேயிலைச் செடிகளின் மேல் விழுந்தது.

அதை மயூரதன் கவனிக்கவேயில்லை. "உங்கட அன்பு பெரிசு, அம்மா," என்றார். "ஆனா பாத்தியளே, கயிறு இல்லாமலே கோபுரம் அசையேல்லை. நல்ல பலம்!"

வீட்டுக்குள் தெரிந்த வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்த அம்மாக்கண்ணு, குழம்புச் சட்டியை மூடியவாறே சொன்னாள்:

"அது கெட்டின்னு எங்களுக்கு அப்பவே தெரியுங்க சேர். அதனாலதான கூரை பறக்காம இருக்க அதுல கட்டி வச்சிருந்தோம்!"