மூன்று அறைகளை ரத்து செய்யக் கோரி

மஸ்கட்டில் வெயிலையும் மேலதிகாரியையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் அன்புமிக்க ஹரிகுமார் மாமாவுக்கு,

பூதப்பாண்டியிலிருந்து அக்காள் மகள் லட்சுமிப்ரியா மிகுந்த பணிவுடன் (அம்மா பார்த்தால் நம்பமாட்டாள்) எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் அம்மாவும் தம்பி அனீஷும் பாட்டாவும் பிச்சம்மாள் அத்தையும் நலம். பாட்டாவின் வலது முட்டு மட்டும் நலமில்லை. அது தனியாக உங்களை விசாரித்திருக்கிறது. வரும்போது தைலம் கொண்டுவரச் சொன்னது. குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாமல் மின்னஞ்சலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை குழாய் சரிசெய்ய வந்தவரையும் அப்பா அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். அவர் தினமும் காலை வணக்கம் போடுகிறார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முட்டம் பக்கத்தில் நீலத்திரை ரிசார்ட்டில் மே மாத விடுமுறைக்கு நீங்கள் பிடித்துவைத்த மூன்று அறைகளையும் ரத்து செய்துவிட வேண்டும் என்பது குடும்பத்தின் ஏகமனதான முடிவு. அது எப்படி ஏகமனதானது என்று தேர்வுக்குழுத் தலைவி என்ற முறையில் விளக்குவது என் கடமை.

நீங்கள் போனில் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஏட்டி பிரியா, நீதான் பாக்கணும். கடற்கரை, மூணு நாளு, சாப்பாடு, டீ, பலகாரம் எல்லாம் அவனுக பொறுப்பு. அக்கா ஒரு கரண்டியத் தொடப்பிடாது. அது ஒண்ணுதான் கண்டிசன்." இதை நான் அப்படியே வீட்டில் அறிவித்தேன். ஆல் இன்குளூசிவ் என்றால் கேட்டதெல்லாம் கேட்ட நேரத்தில் கிடைக்கும், எதற்கும் தனியாகப் பணம் கிடையாது என்றேன். அத்தை, "பலகாரமும் உண்டாட்டி?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "ராத்திரியுமா?" ராத்திரியும் என்றேன். அப்பா நம்பவில்லை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர், யாரையும் எளிதில் நம்பமாட்டார். வீட்டில் கூட்டோடு மட்டும்தான் உறவு. பாட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நம்மள யாருண்ணே தெரியாத ஒருத்தன் மூணு நேரமும் விளிச்சு வச்சுச் சோறு போடுகாம்னா, ஒண்ணு அவனுக்குக் கெட்டிக்குடுக்க மக இருக்கணும், இல்லேண்ணா தேர்தல்ல நிக்கணும்."

முதலில் களியக்காவிளை தாண்டி ஒரு ரிசார்ட்டின் படங்களைக் காட்டினேன். பாட்டா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறது, அந்தப் பக்கத்தில் கடல் மேற்கு, அப்படியானால் கட்டிலின் தலைமாடு வடக்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். போனைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். கட்டில் வடக்கிலேயே இருந்தது. சரி என்று அடுத்ததைக் காட்டினேன். அதில் கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு நீச்சல் குளம். அத்தை கேட்டாள்: "இந்தா கெடக்கு கடலு. பொறவு குளம் எதுக்குட்டி? கடலு கெட்டுப்போச்சா?" அந்த ரிசார்ட்டையும் விட்டோம்.

இந்த நிலைமையில் நான் ஒரு சிறு சோதனை நடத்தினேன். நம் தோப்புக் குளத்தைச் சாயங்கால வெளிச்சத்தில் படம் பிடித்து, நிறத்தைக் கொஞ்சம் கூட்டி, 'பசுமை ஏரி இயற்கை விடுதி' என்று எழுத்துப் போட்டு அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது கொள்ளாம். தண்ணி நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு தூரம் பாட்டாவக் கொண்டு போவ முடியாது" என்றார். நடந்து போகிற தூரம் மாமா. அனீஷ் சிரித்துக் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் பாட்டா படத்தை எட்டிப்பார்த்து, "படியில கெடக்க துண்டு எனக்குள்ளதாக்கும். காலைல இருந்து தேடுகேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாரம் போன் கிடையாது. தேர்வுக்குழு இயங்காமல் போனது அதனால்தான், சோம்பலால் அல்ல.

மூன்றாவதாகத்தான் நீலத்திரை வந்தது. படத்தை நம்பி இனி ஒரு முடிவும் எடுக்க முடியாது, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று அப்பா வேன் பேசினார். எல்லோரும் போனோம். கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று அத்தை ஒரு டின் முந்திரிக்கொத்தும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் எடுத்துக்கொண்டாள். ரிசார்ட் மேனேஜர் ஜெரிஷ் என்று ஒரு சின்ன வயதுக்காரர், டை கட்டியவர். வாசலில் எங்களுக்கு அவர் பூச்செண்டு கொடுத்தார், அத்தை அவருக்கு முந்திரிக்கொத்து கொடுத்தாள். யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதே குழம்பிவிட்டது. "தம்பிக்கு எந்த ஊரு? கெட்டியாச்சா?" என்று அத்தை விசாரிக்கவும் அவர் டையைச் சரிசெய்துகொண்டு, "ரூம் பாக்கலாமா சார்?" என்று அப்பாவிடம் தப்பி ஓடினார். அப்பா சொன்னார்: "ரூம் எங்க போவும்? மொதல்ல ஆக்குப்புரையக் காட்டும்."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் போகிற ஆண்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் சமையல் நடக்கிற ஆக்குப்புரையைத்தான் பார்ப்பார்கள். முந்தின நாளே போய்க் காய்கறி நறுக்க உட்காரவில்லையென்றால் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. சாப்பாடு, பலகாரம், டீ எல்லாம் ஒருத்தர் பொறுப்பு என்றால் அப்பாவுக்கும் பாட்டாவுக்கும் அத்தைக்கும் தெரிந்த ஒரே அர்த்தம் கல்யாண வீடு. அவர்கள் மூவரும் சமையலறைக்குப் போனார்கள். அனீஷ் இங்கேயும் இருந்த வேண்டாத நீச்சல் குளத்தில் விழுந்தான்.

அம்மா மட்டும், "நீங்க போயிட்டு வாருங்க" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பையன் தட்டில் டீ கொண்டுவந்தான். அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாருக்கு என்று. "உங்களுக்குத்தான் மேடம்" என்றான். அம்மா வாங்கிக் குடித்தாள், மாமா. சூடாகக் குடித்தாள். நம் வீட்டில் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அனீஷுக்கு ஆற்றிவிட்டு, பாட்டாவுக்குச் சீனி போடாமல் வேறு போட்டுவிட்டு, அவளுடையதை எடுக்கும்போது அது ஆடை கட்டியிருக்கும். ஆவி பறக்கிற கப்போடு அம்மாவை நான் அன்றுதான் பார்த்தேன். அதைத்தான் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் அந்த நிமிடமே மூன்று அறைகளைப் பிடித்தீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். கப்பில் பாதி டீ இன்னும் மிச்சமிருந்தது.

சமையலறையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பெரிய சமையல்காரர் ததேயுஸ் என்று ஒரு அண்ணன். கடற்கரைக்காரர், கப்பலில் சமையல் செய்தவர், வெள்ளைத் தொப்பி. அவர் முன்னால் சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், தடியங்காய் எல்லாம் விரல் நீளத்துக்கு அழகாக நறுக்கி இருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம் தக்காளி.

"இது என்னதுக்கு?" என்றாள் அத்தை.

"அவியலுக்கு."

"அது தெரியுது. தக்காளி என்னதுக்கு?"

"அதும் அவியலுக்குத்தான்."

பாட்டா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஓய், நீரு நம்ம ஜில்லாக்காரருதானா?" என்று கேட்டார். ததேயுஸ் அண்ணன் அசரவில்லை. "கப்பல்ல எல்லா நாட்டுக்காரனுக்கும் இதத்தான் போட்டேன் பாட்டா. ஒருத்தனும் கடல்ல குதிக்கல்ல" என்றார். "குதிக்கதுக்குத் தெம்பு இருந்திருக்காது" என்றார் பாட்டா.

அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். முட்டம் கலங்கரை விளக்கத்துக்கே கேட்டிருக்கும். "தாணம்மா, ஏ தாணம்மா! இஞ்ச ஓடி வா! அவியல்ல தக்காளி போடுகான்!" அம்மா டீ கப்பை நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, அதன்மேல் சாசரைக் கவிழ்த்து மூடிவிட்டு எழுந்து வந்தாள். வாசலில் நின்று, "மைனி, அது அவருக்க இஷ்டம்லா?" என்றுகூடச் சொன்னாள். "அவருக்க இஷ்டத்துக்கு அவியலா? செரி, நாளைக்கு அவரு இஷ்டத்துக்குப் பாயசத்துல மீன் போடட்டும்" என்றாள் அத்தை. அம்மா கரண்டியை எடுத்தாள். உங்கள் கண்டிசன் உடைந்த இடம் இதுதான்.

பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. பாட்டாவுக்கு உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க வராது; கத்தியை வாங்கிப் புடலங்காய் நறுக்கினார். அத்தை தேங்காய் திருவினாள். அம்மா அவியலை முடித்ததும், சாம்பாரையும் ஒருதரம் பார்த்துவிடு என்றார்கள். பார்த்தாள். புளிசேரியையும் என்றார்கள். அதையும் பார்த்தாள். அப்பா ரிசார்ட் தோட்டத்தில் அழகுக்கு வைத்திருந்த வாழையில் இலை அறுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஜெரிஷ், "சார், இங்க பஃபே, அவங்களே எடுத்துக்கிடுவாங்க" என்று பின்னாலேயே ஓடினார். "விருந்தாளி கைநீட்டி எடுத்துத் திங்கதா? நல்லா இருக்கே மரியாத!" என்று அப்பா சொல்லிவிட்டு, நீச்சல் உடையோடு வந்தவர்களையும் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினார். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் ரசம் கேட்டார். "ரசம் இப்பம் கெடையாது. பாயசத்துக்குப் பொறவாக்கும்" என்றார் அப்பா. அவர் பயந்துபோய் இரண்டு தடவை பாயசம் குடித்தார். சாப்பிட்டவர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அம்மா வாசலில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் படம் எடுத்தேன். டீ குடித்தபோது சிரித்த சிரிப்பு மாதிரி இல்லாததால் அனுப்பவில்லை.

கிளம்பும்போது ததேயுஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அக்கா, எதாவது சந்தேகம் வந்தா விளிக்கட்டா?" என்று அம்மாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். தன் நம்பரையும் கொடுத்தார். அம்மா போய் அந்த நாற்காலி ஸ்டூலிலிருந்த டீயை எடுத்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறியிருந்தது. "வீணாக்கப்பிடாது" என்று குடித்துவிட்டு வேனில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனைக் கூட்டம். அப்பா பேசினார்: "பாத்தியளா, அவளுக்கு அடுக்களையில நிக்கும்போ உள்ள சந்தோசம் வேற எங்கயும் இல்ல. பாவம், அங்க சும்மா உக்காரவச்சா அவளுக்குத்தான் கஷ்டம்." அத்தை ஆமோதித்தாள். பாட்டா, அவியலுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, அவியல் நம் வீட்டிலேயே இருக்கிறது என்றார். அனீஷ் குளம் வேண்டும் என்றான். தோப்புக் குளத்தைக் காட்டினார்கள். நான், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். கேட்டார்கள். அம்மா அப்போது மறுநாள் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுப்பு ஏதும் வராததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தின் விவரம்: ஹரி மாமா நேரே வீட்டுக்கு வர வேண்டியது. கடற்கரைச் சாய்வு நாற்காலிகள் வாங்கிக் கொல்லைப்புறத்தில் போட வேண்டியது. சாப்பாடு, டீ, பலகாரம் எல்லாம் கேட்ட நேரத்தில் கேட்டபடி வீட்டிலேயே கிடைக்கும். எல்லாரும் இன்குளூசிவ்; அம்மா மட்டும் எக்ஸ்குளூசிவ். கிரைண்டர் சத்தம் போடுவதால், மாமா வரும்போது அக்காவுக்கு அன்புப் பரிசாகப் பெரியதாக ஒன்று கொண்டுவந்தால் நல்லது என்று அப்பா தனியாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

ஆகவே அறைகளை ரத்து செய்யக் கோருகிறேன். பாட்டா உங்களுக்குத் தலையில் கைவைத்து ஆசி சொல்கிறார். மஸ்கட் வரை எட்டாததால் அனீஷ் தலையில் வைத்திருக்கிறார். அத்தை உங்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஜாக்கிரதை. உங்கள் கால்களில் விழுந்து கும்பிட்டு, எழுந்திருக்கும்போது சாக்லேட்டை நினைவூட்டி விடைபெறும்,

மருமகள்,
லட்சுமிப்ரியா,
தேர்வுக்குழுத் தலைவி (கலைக்கப்பட்டது).

பி.கு.: அப்பா ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்று நேற்று இதை அனுப்பாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். அறைகளை ரத்து செய்ய வேண்டாம். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

காலையில் அம்மா, "கோயிலுக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பினாள். பூதப்பாண்டிக் கோயிலுக்கு எதற்கு மூன்று மாற்றுப் புடவை என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாரும் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. பையை நான்தான் பஸ் வரை தூக்கிக்கொண்டு போனேன். நாகர்கோவில் போய் முட்டம் பஸ். சந்தேகம் வந்தால் கூப்பிடுவதாகச் சொன்ன ததேயுஸ் அண்ணன் இதுவரை கூப்பிடவில்லை. அம்மாதான் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். தம்பி ஹரி பிடித்துவைத்த அறையில் ஒன்றை இந்த வாரத்துக்கு மாற்ற முடியுமா, ஒற்றை ஆளுக்கும் மூன்று நேரமும் போடுவார்களா என்பது அவளுடைய சந்தேகம். அவர் ஜெரிஷிடம் சொல்லித் தீர்த்துவைத்தார்.

இங்கே அப்பா கடுகு தேடுகிறார். அத்தை அவியல் வைத்தாள், சீரகத்தை மறந்துவிட்டாள். பாட்டா ஒரு வாய் வைத்துவிட்டு மோர் கேட்டார். கிரைண்டர் கொண்டுவருவதானால் அப்பா கைக்குப் பொருந்துகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். "ஏட்டி, ஒங்கம்மைய விளிச்சுக் கடுகு எங்கேன்னு கேளு" என்று மூன்று பேரும் மாறிமாறிச் சொல்கிறார்கள். விளித்தேன். போனை அணைத்துவைத்திருக்கிறாள். அணைப்பதற்கு முன்பு எனக்கு ஒரு படம் மட்டும் அனுப்பியிருக்கிறாள். பிரம்பு நாற்காலியின் கை, அதன்மேல் டீ கப், நன்றாக ஆவி பறக்கிறது. அடியில் எழுதியிருக்கிறாள். அத்தையிடம் இன்னும் காட்டவில்லை:

"மத்தியானம் அவியலு. தக்காளி போட்டது. கொள்ளாம்."