ஜிகினா சுற்றிய ஏரியல்

பெங்களூரில் செல்போனை நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஆஸ்டின் டவுனில் அவரை ரோஜர் சார் என்பார்கள். உண்மைப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கும் மனைவி சரோஜாம்மாவுக்கும் மட்டுமே தெரியும். யார் எதைச் சொன்னாலும் "ரோஜர்" என்று தலையாட்டுவார்; ஒயர்லெஸ் பாஷையில் 'நீ சொன்னது கேட்டது' என்று அர்த்தமாம். "சார், தண்ணி லாரி வந்திருக்கு" என்றால் "ரோஜர்." "சார், உங்க வேன் என் கேட்டை மறைக்குது" என்றாலும் "ரோஜர்." வேன் மட்டும் நகராது. புதிதாக மாற்றலாகி வந்த பாதிரியார் ஒருவர் இந்தப் பெயரை நம்பி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஏன் வருவதில்லை என்று விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதியோடு கதவைத் திறந்தவர், அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "ரோஜர், ஃபாதர்" என்று அனுப்பிவைத்தார்.

ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், இல்லையென்றால் மருமகளைத் திருத்துவார்கள். ரோஜர் சார் பழைய சாமான் சந்தைக்குப் போய் இரண்டு ரேடியோப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டுக் கேட்கும் ரேடியோ இல்லை. வண்டியில் மாட்டி, மைக்கில் பட்டனை அழுத்திப் பேசினால், அதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் இன்னொரு வண்டிக்காரருக்குக் கேட்கும். சி.பி. ரேடியோ என்று பெயராம்.

"டவர் வேணாம், சிம்மு வேணாம், ரீசார்ஜு வேணாம்" என்று தெருவையே கூட்டி அறிவித்தார்.

"பேசறதுக்கு இன்னொரு ஆளும் வேணாமா?" என்று கேட்டார் சரோஜாம்மா.

அதுதான் சிக்கல். ஊரில் வேறு யாரிடமும் அந்தப் பெட்டி இல்லை. சரோஜாம்மாவிடம் வண்டி இல்லை. இருந்தாலும், வீட்டுக்குள் கேட்பதையே ரோட்டிலும் கேட்க அவர் தயாராக இல்லை. என்னிடம் புத்தம் புதுக் கார் இருந்தது, நிறுத்த இடம் இல்லை. ரோஜர் சார் வீட்டு வாசலில் இரண்டு வண்டி நிற்கிற இடம். இந்த நகரத்தில் பார்க்கிங்குக்காக மனிதர்கள் எதையெல்லாமோ செய்கிறார்கள். நான் என் காரில் இரண்டாவது பெட்டியையும் அதன் ஏரியல் கம்பியையும் மாட்டச் சம்மதித்தேன்.

மறுநாளே உப்புத்தாளோடு வந்து டிக்கி ஓரத்தில் பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார். சத்தம் கேட்டு என் மனைவி ஓடி வந்தாள்.

"அங்கிள்! என்ன பண்றீங்க? இன்னும் ரெண்டாவது சர்வீஸ்கூட விடல!"

"பெயின்ட் மேல கிளாம்ப் வெச்சா எர்த் கெடைக்காதும்மா. கம்பி பாதிதான், வண்டி பாடிதான் மீதி ஏரியலு. இரும்பு தெரியணும்."

இரும்பு தெரிந்தது. என் மனைவி என்னிடம் பேசாமல் இருந்த அந்த வாரத்தில் நான் பேசக்கூடிய ஒரே ஆள் ரேடியோவில் ரோஜர் சார்தான்.

கம்பியை மாட்டினால் மட்டும் போதாதாம், டியூன் பண்ண வேண்டுமாம். அதற்கு ஒரு மீட்டர். நாம் அனுப்புகிற சக்தியில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு போகமாட்டேன் என்று பெட்டிக்கே திரும்பி வருகிறது என்று காட்டுமாம். முள் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் சுகம். மூன்றைத் தாண்டினால் பெட்டி வெந்துபோகும். சுவர் இல்லாத இடத்தில், கதவெல்லாம் மூடி, கிட்டத்தில் ஆள் இல்லாமல் பார்க்க வேண்டும். ஆஸ்டின் டவுனில் சுவரும் ஆளும் இல்லாத ஒரே இடம் மைதானம். அங்கே ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இருந்தார்கள்.

"ஏய், தள்ளிப் போ! உன் ஒடம்பு என் சிக்னல குடிக்குது!" என்று வேனுக்குள்ளிருந்து கத்தினார் ரோஜர் சார்.

"அங்கிள், நான் தேர்டு மேன்ல நிக்கறேன்!"

"ஸ்வல்ப ஆ கடே ஹோகப்பா!" என்று, கொஞ்சம் அந்தப்பக்கம் போகச் சொல்லிக் கன்னடத்திலும் கெஞ்சினார். அந்தப் பையன் நகர்ந்ததும் முள் இறங்கியது, ஒரு கேட்சும் விட்டுப்போனது. இரண்டு டீமும் சேர்ந்து எங்களை மைதானத்தைவிட்டு விரட்டின.

என் ஏரியல் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. அவருடைய வேனின் முள்தான் அடங்கவே இல்லை. கம்பியை ஏற்றினார், இறக்கினார், ஒரு முறை நுனியை வெட்டினார், வெட்டிய துண்டை ஒட்டவைக்க முடியாமல் புதுக் கம்பி வாங்கினார். ஆயுதபூஜை அன்று மாலை தெருவே அதிரும்படி ஒரு சத்தம். "ஒண்ணே கால்! தம்பி, ஒண்ணே கால்!" ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டு புறமும் கூரை உயரத்துக்கு வாழைக்கன்று, ஏரியலில் அடிமுதல் நுனிவரை சுற்றிய ஜிகினா மாலை, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம், இத்தனைக்கும் நடுவில் அவர் மீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூஜை போட்ட கையோடு டியூன் பண்ணியிருக்கிறார்.

மறுநாள் சரோஜாம்மா அலங்காரத்தைப் பிரிக்க, முள் மூன்றைத் தாண்டியது. வேறு யாராவது என்றால் ஜிகினா இல்லாமல் மறுபடி டியூன் பண்ணுவார்கள். ரோஜர் சார் அலங்காரத்தைத் திரும்பக் கட்டினார். வாழைக்கன்று வாடினால் மார்க்கெட்டிலிருந்து புதுசு வரும். ஊரெல்லாம் தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் ஒரு மாருதி வேன் மட்டும் ஆயுதபூஜையில் நின்றது. கடைசியில் ஒரு மாடு வந்து இடதுபுற வாழையைத் தின்றது. அவர் மாட்டைத் துரத்தவில்லை; வேனுக்குள் ஏறி மீட்டரைப் பார்த்தார். "முள்ளு அசையலடா! வாழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் ஜிகினாதான்!" அந்த மாட்டுக்கு வலதுபுற வாழையையும் அவரே அவிழ்த்துக் கொடுத்தார். ஜிகினா மட்டும் நிரந்தரமாக நின்றுவிட்டது.

ஒரு நாள் நான் அவருடைய வேனில் போனபோது டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். "ஏனு இது?" என்று ஏரியலைக் காட்டிக் கேட்டார். அது அவர் செய்த தவறு. இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதில் தொடங்கி, எர்த், கம்பியின் நீளம், திரும்பி வரும் சக்தி என்று ரோஜர் சார் கன்னடத்தில் பொழிந்து தள்ளினார். ஹெல்மெட் இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகத் தப்பித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். "சார், தயவிட்டு ஹோகி சார்" என்று, போய்விட்டால் போதும் என்பதுபோல் போலீஸ்காரர் கும்பிட்டார்.

தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது நான் ஆஜர் கொடுக்க வேண்டும். சிக்னலில் நிற்கையில் பெட்டி கரகரக்கும்.

"ஆஸ்டின் டவுன் ஸ்டேஷன் பேசுது. கேக்குதா தம்பி? ஓவர்."

"கேக்குது சார். ஓவர்."

"இன்னா கேக்குது? ஓவர்."

"நீங்க கேக்குதான்னு கேக்கறது கேக்குது சார். ஓவர்."

அவ்வளவுதான் பேச்சு. இத்தனை செலவும் சுரண்டலும் செய்து கட்டிய அந்த ஏற்பாட்டில் நாங்கள் ஒரு நாளும் வேறு எதுவும் பேசியதில்லை. ஆனாலும் நான் லீவு போட்டு வீட்டிலிருந்தால், அவர் ஒரு மாதிரி மூஞ்சியோடு வாசலில் நிற்பார்.

பிறகு நான் ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கினேன், சொந்தப் பார்க்கிங்கோடு. செய்தியைச் சொன்னதும் அவர் வாழ்த்தவில்லை. "அங்க ரேஞ்சு வராதே" என்றார். ஏரியலைக் கழற்றித் தரவா என்று கேட்டேன். என்னவோ கையைக் கழற்றித் தரவா என்று கேட்டதுபோல் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும். வர வெச்சிடறேன்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் காரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. நடுவில் பாதி பெங்களூர் கட்டடமாக நிற்கிறது. அவருடைய கம்பியோ மேம்பாலம் தாண்டினாலே மூச்சு வாங்கும். வெறும் இரைச்சல்தான் வந்தது. உடனே சரோஜாம்மாவிடமிருந்து போன் வரும்.

"கேட்டுச்சான்னு கேக்க சொல்றாருப்பா."

"கேக்கலியேம்மா."

ஒரு ஞாயிறு சரோஜாம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேட்டுச்சுன்னு ஒரு பொய் சொல்லேன்பா. தினம் அந்தப் பொட்டி முன்னாடி குந்திக்கினு கேக்குதா கேக்குதான்றாரு. பதில் சொல்ல யாரும் இல்ல. சோறுகூட சரியா எறங்கல." சொன்னேன். போன் கைமாறியது. "கேட்டுச்சா? அப்ப நான் இன்னா சொன்னேன், சொல்லு பாப்பம்?" என்றார் ரோஜர் சார். நான் "கேக்குதான்னு கேட்டீங்க" என்றேன். "பொய்யி. இன்னிக்கு நான் பேட்டரியே மாட்டல" என்று வைத்துவிட்டார். எனக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தேன். பெட்டி அதிர்ந்தது.

"ஆஸ்டின் டவுன் ஸ்டேஷன் பேசுது. கேக்குதா தம்பி? ஓவர்."

காது கிழியும்படி, அத்தனை தெளிவு. எனக்குப் புல்லரித்துப்போய்விட்டது. முட்டாள்தனமாக அவரை எத்தனை கிண்டல் செய்திருக்கிறோம் என்று நினைப்பதற்குள், பெட்டிக்குள் அவர் குரலுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் "தக்காளி, தக்காளி, நாட்டுத் தக்காளி" என்று கூவியது. அதே தக்காளி எங்கள் காம்பவுண்டுக்கு வெளியிலும் கூவிக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தேன். பின்பக்கச் சுவருக்கு மேல் ஒரு கம்பியின் நுனி நின்றது. அதில் ஜிகினா வெயிலில் மினுக்கியது.

காருக்குள் திரும்பிப் போய் மைக்கை எடுத்தேன்.

"கேக்குது சார். ஆஸ்டின் டவுன்லேர்ந்து சூப்பரா கேக்குது. பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. ஓவர்."

"நான்தான் சொன்னேனே தம்பி. எல்லாம் டியூனிங்கு. ஓவர்" என்றார்.

"சார், இங்க இன்னிக்கு பிரியாணி. கெளம்பி வாங்களேன். அங்கேர்ந்து எவ்ளோ நேரமாகும்? ஓவர்."

"டிராபிக் இல்லன்னா... ஒரு மணி நேரம். ஓவர்."

மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். டிக்கியின் பெயின்டை இன்னும் மன்னிக்காத என் மனைவி, ஜன்னல் வழியாக அந்த நுனியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு முட்டையை வேகப்போட்டாள்.

சொன்ன வாக்குத் தவறாமல் ரோஜர் சார் சுவருக்கு அந்தப்பக்கம், கொளுத்துகிற வெயிலில், தகர வேனுக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகு சுற்றிக்கொண்டு வந்து கேட்டில் ஹாரன் அடித்தார். அதுவரை நானும் சாப்பிடவில்லை.