ஷட்டரில் ஒட்டிய என் பாதி முகம்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். இதில் 'நான்' என்று இருப்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். நான் சாகவில்லை. நேற்று மாலையிலிருந்து அக்கா அழுத அழுகையில் உங்கள் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை என்று உங்கள் ஊர் பஸ் கண்டக்டர் சொன்னார். உடனே பற்ற வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, ஆவி கீவி எழுதியதோ என்று பயப்பட வேண்டாம். ஆபரேஷன் ஆன வலது தோள் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன் பண்ணிச் சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்பீர்கள். என் போன் என்னிடம் இல்லை அத்தான். அது இப்போது என் சலூனின் 'அதிகாரப்பூர்வக் கணக்கு' ஆகிவிட்டது. உங்கள் அருமை மருமகள், அதாவது என் மகள், அதைக் கைப்பற்றி வைத்திருக்கிறாள். "மச்சானுக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் பதறிக் கேட்டதற்கு ஒரு மணல்கடிகாரப் படமும் 'வெள்ளிக்கிழமை காலை' என்ற இரண்டே வார்த்தையும் பதிலாக வந்ததாமே? அதைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையில்தான் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நீங்கள் முடிவுக்கு வந்ததில் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை: அவளுடைய பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்களே ஒரு போன், அதில்தான் இந்த வியாதி முதலில் வீட்டுக்குள் நுழைந்தது.

நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன். சலூனில் ஸ்டூல் மேல் ஏறி ட்யூப்லைட் மாற்றப் போய், விழுந்து, தோளை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரிந்த கதை. கடை மூடி இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடைதான் மூடிக் கிடக்குமே தவிர முடி காத்திருக்காது அத்தான். அது பாட்டுக்கு வளரும், எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எதிர்க்கடைக்காரன் வேறு ஏசி போட்டு, முதுகு பிடித்துவிடும் நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கட்டட உரிமையாளர் போன வாரம் வந்து நூல் விட்டுப் பார்த்தார். "திறங்க, வேணாங்கல. ஒரு வாரம் பாப்போம். ஆள் வரலைன்னா எதிர்க்கடைக்காரர் கேக்கறாரு, அவருக்கே குடுத்துடறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை திறக்கக் குறித்த வெள்ளிக்கிழமையில் ஷட்டரைத் தூக்கி, நாற்காலியைத் தட்டிப் போட்டு, ஒரு தலை கூட வரவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? இந்த வயதில் வேறு எந்த வேலைக்குப் போவேன்? இதை என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததுதான் நான் செய்த பிழை. பக்கத்து அறையிலிருந்து மகள் வந்து நின்றாள்.

"அப்பா, சும்மா தூக்கினா அது ஷட்டர். முறைப்படி தூக்கினாத்தான் கம்பேக்" என்றாள்.

கம்பேக் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஏழு கொரியாக்காரப் பையன்கள். ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். கொஞ்ச நாள் முன்னால் ஒரு பாட்டு விட்டார்கள், இப்போது இன்னொன்று விட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் கம்பேக்காம். "நடுவுல எங்கம்மா போயிருந்தாங்க?" என்றேன். "எங்கயும் போகலப்பா." "போகாதவன் எப்படிம்மா திரும்பி வருவான்?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள் அத்தான், ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. பாட்டு வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் வெறும் கறுப்புப் படம், கீழே ஒரு தேதி. அதைப் பார்த்துவிட்டு இவளும் இவள் தோழிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்புறம் ஒரு ஷூ. அப்புறம் ஒருவனுடைய பின்னந்தலை. (ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், கழுத்தோரத்தில் சுத்தமாக எடுக்கவே இல்லை.) அப்புறம் பாதி முகம். எந்தப் போஸ்டர் எப்போது வரும் என்று சொல்வதற்கென்றே தனியாக ஒரு போஸ்டர்! அட ஆண்டவா என்று தலையில் கை வைக்கலாம் என்றால் தோள் ஒத்துழைக்கவில்லை.

பாட்டு வந்த அன்று வீடு வீடாகவே இல்லை. மேசை மேல் ஒரு போன் பாடுகிறது, ஜன்னல் கட்டையில் ஒன்று பாடுகிறது, துணி துவைக்கும் மெஷின் மேல் ஒன்று. சத்தத்தைக் குறைக்கப் போனேன், "மியூட் பண்ணாதீங்கப்பா, கணக்குல சேராது!" என்று அலறுகிறாள். அதே பாட்டையே ஓயாமல் போட்டாலும் சேராதாம், நடுநடுவே வேறு பாட்டு போட்டு, உண்மையாகவே ஒரு மனுஷன் ஆசையாகக் கேட்கிற மாதிரி கேட்க வேண்டுமாம். அப்படி விடிய விடியக் கேட்டால்தான் அந்தப் பையன்கள் முதலிடத்துக்கு வருவார்களாம். சரி, சின்னப் பெண், தொலையட்டும் என்று சமையலறைக்குள் போனால், பள்ளிக்கூட நூலகத்தில் 'சத்தம் போடாதே' என்று ஊரையே அதட்டும் என் மனைவி, ஃப்ரிட்ஜ் மேல் தன் போனைச் சாய்த்து வைத்து அதே பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! "நீயுமா?" என்றேன். "நாலாவது பையன் பாவங்க, அவனுக்கு ரெண்டே வரிதான் குடுத்திருக்காங்க" என்கிறாள்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் என் சலூனுக்குக் கம்பேக் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பேக்குக்கும் ஒரு கான்செப்ட் வேண்டுமாம். எனக்கு வைத்தது 'இருளும் மீட்சியும்'. நான் சொன்னேன், முடி வெட்டுகிறவனுக்கு முதலில் வேண்டியது வெளிச்சம்மா என்று. யார் கேட்கிறார்கள்? அதோடு, முடி நிறம் மாறாமல் கம்பேக்கே கிடையாது என்று ஒரே பிடிவாதம். நரையை மறைக்கத்தானே கேட்கிறாள் பிள்ளை என்று நானும் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். எத்தனை பேருக்குச் சாயம் பூசியவன் நான், என் தலைக்கு எதைக் கலக்குகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தால், மயில் கழுத்து நிறம் அத்தான்! மகளும் மனைவியும் கை தட்டுகிறார்கள். சரி, கறுப்பு வாங்கி மேலே பூசிக்கொள்ளலாம் என்று வாசலுக்குக் கிளம்பினால், "வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த நிறத்தை வெளியாள் ஒருத்தரும் பாக்கக் கூடாது" என்று குல்லாய், மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். அந்தப் பையன்களும் கம்பேக்குக்கு முன்னால் இப்படித்தான் முக்காடு போட்டுக்கொண்டு திரிவார்களாம். என் தெருவிலேயே நான் திருடன் மாதிரி நடக்கிறேன்.

இனிமேல்தான் விபரீதம். போட்டோ எடுத்தாள். இருட்டறை, ஓரமாக ஒரு விளக்கு, நாற்காலியில் என்னைச் சாய்த்து, நெஞ்சின் மேல் கத்தரிக்கோலையும் சீப்பையும் வைத்து, "சிரிக்காதீங்க, மூச்சக்கூட மெதுவா விடுங்க" என்றாள். விளக்கு கண்ணில் பட்டு நான் கண்ணை மூடிய சமயம் பார்த்து எடுத்துவிட்டாள். மறுபடி எடு என்றால், "இல்லப்பா, இதுலதான் ஃபீல் இருக்கு" என்றாள். முடி நிறம் வெளியே தெரியக் கூடாதென்று கறுப்பு வெள்ளையாக்கி, பாதி முகத்தை மட்டும் வைத்துப் பெரிசாக அச்சடித்து ஷட்டரில் ஒட்டிவிட்டாள். கறுப்புப் பின்னணி. மூடிய ஒற்றைக் கண். கீழே வெள்ளிக்கிழமைத் தேதி, காலை நேரம். அதற்கும் கீழே ஒரே ஒரு வரி: 'மீண்டும் சந்திப்போம்'.

நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்தால் யாருக்கு என்ன தோன்றும்? எதிர்க்கடைக்காரன் தோன்றியதைத்தான் செய்தான். படம் பிடித்து, கூப்பிய கை இரண்டைச் சேர்த்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி, தெருக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். அது அங்கே இங்கே சுற்றி உங்கள் ஊர் வரைக்கும் வந்து அக்காவை அழ வைத்துவிட்டது. மறுப்பு போடும்மா என்று மகளிடம் கெஞ்சினேன். "அப்பா, எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா? டீசர்னா இதான் டீசர்!" என்கிறாள். பெற்ற அப்பன் செத்துவிட்டான் என்று ஊர் பேசுகிறது, பிள்ளை துள்ளிக் குதிக்கிறாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

இன்று காலை கட்டட உரிமையாளரே துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தது நான், அதே குல்லாய், மாஸ்க், கறுப்புக் கண்ணாடியோடு. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "நல்ல மனுஷங்க. வாய்தான் கொஞ்சம் அதிகம்" என்றார். மாஸ்க்கைக் கழற்றப் போனேன், மகள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். என் சாவுக்கு நானே நின்று ஆறுதல் வாங்குகிறேன் அத்தான். பிடித்த கையை விடாமலே, "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. கடைச் சாவி யார்கிட்ட இருக்குங்க?" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு உண்மையிலேயே செத்துவிடலாமா என்று இருந்தது. என் மனைவிதான் வந்து, "வெள்ளிக்கிழமை கழிச்சுப் பேசிக்கலாங்க" என்று அனுப்பி வைத்தாள், அதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கூடத்தில் இப்போது ஒத்திகை நடக்கிறது. நான் கத்தரியை ஒவ்வொரு தடவை அசைக்கும்போதும் "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று தாளம் தப்பாமல் கத்துவதற்கு மகளின் தோழிகள், அந்தப் பையன்களின் கச்சேரியில் ரசிகர்கள் ஆட்டுகிற விளக்குக் குச்சிகளோடு வந்திருக்கிறார்கள். காது பக்கத்தில் கத்தி வைக்கும்போது இப்படிக் கத்தினால் வந்த ஆளுக்குக் காது மிஞ்சுமா? அந்தப் பையன்களுக்குச் செய்கிற மாதிரியே என் படத்தைச் சின்ன அட்டைகளாக வேறு அடித்து உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். முடி வெட்டிக்கொண்டால் ஒரு உறை, உள்ளே நான் எந்தப் போஸில் இருப்பேன் என்பது அவரவர் அதிர்ஷ்டம். என் மனைவிக்கு நான் கொட்டாவி விடுகிற படம் கிடைத்ததாம், யாரும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம்.

ஆகவே அத்தான், உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அவள் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். கடிதம் கண்டதும் கிளம்பி வந்து, போஸ்டரைக் கிழித்து, போனைப் பிடுங்கி, இந்தக் கம்பேக்கை நிறுத்துங்கள். வரும் வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஷட்டரைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொள்கிறேன். வந்தால் வரட்டும், வராவிட்டால் என் தலையெழுத்து. உங்கள் இருவர் ஆரோக்கியத்துக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
உங்கள் மச்சான்

பி.கு.: மேலே உள்ளது புதன்கிழமை எழுதியது. கண்டக்டர் வியாழக்கிழமை காலை வண்டிக்குத்தான் கடிதத்தை வாங்கிக்கொள்வேன் என்றுவிட்டதால் இதையும் எழுத முடிந்தது. பொழுது விடிந்ததும் பின்வாசல் வழியாகக் கடைக்கு வந்தேன், கை எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்க. ஷட்டருக்கு வெளியே பேச்சுக் குரல். இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எதிர்க்கடைக்குப் போய்விட்டார் என்று நான் வைது தீர்த்த பேங்க் மேனேஜர் என் படத்துக்கு முன்னால் நிற்கிறார், காலரை மறைத்து முடி வளர்ந்து கிடக்கிறது. "ரெண்டு மாசமா வேற யார்கிட்டயும் நான் தலையைக் குடுக்கல சார். ஆபீஸ்ல கேலி பண்றாங்க. மாஸ்டர் வந்துடுவார்னு பாத்துட்டே இருந்தேன்" என்கிறார். கணக்கு வாத்தியார், "நான் ஒரு தடவ எதிர்க்கடைக்குப் போனேன். ஏசி எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். மாஸ்டர்னா வாய் ஓயாது, வீட்டுக் கவலையெல்லாம் மறந்தே போயிடும்" என்கிறார். பள்ளிக்கூட வேன் டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என் பையன் காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கு. வேற யார் கத்தரியப் பாத்தாலும் அழுவான். இனிமே யார்கிட்ட கூட்டிட்டுப் போவேன்?" என்கிறார். வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் சேர்ந்து அஞ்சலிக்கு வருவதென்றும், அவர் வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வருவதென்றும் பேசிக்கொண்டே போனார்கள். நான் உள்ளே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன் அத்தான். சிரிப்பும் வந்தது. அழுத கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன், கை நெற்றி வரைக்கும் போகிறது.

எனவே மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். போஸ்டர் இருக்கட்டும். நான் உயிரோடு இருப்பதை வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் ஒரு ஈ காக்கையிடம் கூடச் சொல்லிவிடாதீர்கள். யாராவது விசாரித்தால் அக்காவைக் கொஞ்சம் அழச் சொல்லுங்கள், அவருக்கு அது நன்றாக வரும். நீங்களும் அங்கே தெரிந்தவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்துவிடுங்கள். மாலை எதுவும் வாங்க வேண்டாம், தலையோடு வந்தால் போதும்.