கண்ணாடிக் கடையின் ஒரே அட்மின்

கடைக் கம்ப்யூட்டருக்கு இனி ஒரே ஒரு அட்மின்தான், அதுவும் தான்தான் என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். தெருமுனை மருந்துக் கடையில் எவனோ போனிலேயே பாஸ்வேர்டைக் கறந்து கம்ப்யூட்டரை முடக்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

"ஊரார் கண்ணோட பவரெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டியோட பவர் என்கிட்ட இருக்கணும். இனி என் பாஸ்வேர்ட் இல்லாம ஒரு துரும்பும் அசையாது."

"அப்போ நான்?" என்றாள் மனைவி. பில் போடுவதும் லென்ஸ் வரவழைப்பதும் அவள்தான்.

"நீ சாதா யூசர்."

"கல்யாணம் ஆனதிலேருந்தே அப்படித்தானே வச்சிருக்கீங்க."

உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பவர் சிரிப்பை மறைக்க மெஷினை ஓடவிட்டார். அதில் லென்ஸே இல்லை.

வியாழக்கிழமை பிரிண்டர் மண்டையைப் போட்டது. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினால், கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டது. அட்மின் வீட்டில் மதியத் தூக்கத்தில் இருந்தார். கண் பரிசோதனைச் சீட்டைக் காட்டாமல் டிப்போவில் பஸ் தரமாட்டார்கள் என்று நின்றுகொண்டிருந்த ஒரு டிரைவர், வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

"ரெண்டு தடவை போன் அடிச்சேன். எடுத்துப் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கலாமே" என்றாள் மனைவி, ராத்திரி வீட்டுக்கு வந்ததும்.

"கட்டின பொண்டாட்டியானாலும் போன்ல சொல்லக் கூடாது. அதுக்குப் பேருதான் செக்யூரிட்டி."

அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஜெயித்த குஷியில் மறந்துவிட்டார்.

மறுநாள் காலை டிரைவர் மறுபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "கண்ணாடியெல்லாம் துடைச்சுட்டு வந்து பாஸ்வேர்ட் போடறேன்" என்றார் கடைக்காரர். "பக்கத்துத் தையற்கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று மனைவி கிளம்பினாள். சற்று நேரத்தில் கடைக்காரரின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம் சார். கம்ப்யூட்டர் கம்பெனிப் பாதுகாப்புப் பிரிவுலேருந்து பேசறேன் சார். உங்க அட்மின் கணக்கு முடங்கப்போகுது சார். பாஸ்வேர்டைச் சொன்னீங்கன்னா காப்பாத்திடலாம் சார்."

தேனாய் ஒழுகும் குரல். மூச்சுக்கு ஒரு சார். கடைக்காரர் உருகிப்போனார். எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"சரியாக் கேக்கல சார். சேர்த்து, கொஞ்சம் சத்தமா?"

"நான்தான் இங்கே ராஜா" என்று கடை அதிரச் சொன்னார். பிறகு இரண்டொரு வார்த்தை குழைந்து பேசிவிட்டு வைத்தார்.

மனைவி தையற்கடைக்காரியின் போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள். நேரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டினாள். பிரிண்டர் உயிர் பெற்றது. டிரைவர் சீட்டை வாங்கிக்கொண்டு, "வரேன் ராஜா" என்று அவரிடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் இன்னும் கொஞ்சம் தட்டினாள்.

"இப்போ யாரு அட்மின்?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"நான்தான். நீங்க சாதா யூசர்."

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "உன் குரல்னு எனக்குத் தோணவே இல்லையே."

"மரியாதையாப் பேசினேன்ல, அதான். பாஸ்வேர்டைக் கொடுத்ததுகூடப் பரவாயில்லைங்க. வைக்கறதுக்கு முன்னாடி, 'சாப்டீங்களாம்மா'ன்னு கேட்டீங்க பாருங்க."

அவருக்குத் தலை நிமிரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு கேள்வியை இவளிடம் கேட்டதாக ஞாபகமே இல்லை. மெல்லக் கேட்டார்.

"நீ சாப்ட்டியா?"

"கம்பெனிப் பொண்ணு சாப்ட்டாச்சுன்னு அப்பவே சொன்னாளே. உங்க பொண்டாட்டிதான் இன்னும் சாப்பிடல."