கல்லெடுப்பார் வாய் கொப்பளித்தார்

ஊரில் எல்லோருக்கும் கல் இருந்தது. சிலருக்குச் சிறுநீரகத்தில், சிலருக்குப் பித்தப்பையில். எங்கேயும் இல்லாதவர்கள், தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கவலைப்பட்டார்கள். இத்தனைக்கும் காரணம் கல்லெடுப்பார். மூடிப்போன ஒரு செருப்புக் கடையை வாடகைக்குப் பிடித்து அதில் உட்கார்ந்திருந்தார்.

கத்தி இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை. இடுப்பில் வாயை வைப்பார். ஒரே உறிஞ்சு. உள்ளங்கையில் துப்புவார். பட்டாணி அளவுக்கு ஒரு கல் வந்து விழும். தோலில் ஒரு கீறல் கூட இருக்காது. ஓட்டை இல்லாமல் கல் எந்த வழியாக வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் பின்னால் நிற்பவர் விடமாட்டார்: "சட்டுன்னு நகருங்க, எனக்கும் கல்லு இருக்கு!"

செருப்பு இருந்த கண்ணாடி அலமாரிகளில் இப்போது கற்கள். 'வங்கி மேலாளர், இடது சிறுநீரகம்.' 'பாட்டு டீச்சர், பித்தப்பை.' மனைவிமார்கள் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். "எங்க வீட்டுக்காரர் கல்லைப் பாத்தீங்களா? மேல் தட்டுல வெச்சிருக்காங்க!"

கல்லெடுப்பாருக்கு ஒரு விரதம் உண்டு. வேலை முடியும்வரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு கன்னமும் லேசாக உப்பியிருக்கும். அது தவத்தின் களையாம். அவருக்காகப் பேச ஓர் ஆள் இருந்தார். கையிலிருந்து மைக்கை அவர் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. அதனால் பெயரே மைக்கார்.

அடுத்த தெருவில் மாநில மருத்துவர் சங்கத்தின் இலவசப் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது. ஸ்கேன் இலவசம், சர்க்கரைப் பரிசோதனை இலவசம், ஆலோசனை இலவசம். காலி நாற்காலிகளுக்கு மின்விசிறி சுழன்றது. டாக்டர்கள் ஒருவருக்கொருவர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார்கள். கூட்டமெல்லாம் கல்லெடுப்பாரிடம்தான்.

சங்கத்துச் செயலாளர் ஓர் எலும்பு டாக்டர், முன்கோபி. "நானே போய் அந்த ஆளைப் பிடிக்கிறேன்" என்று கிளம்பி வரிசையில் நின்றார். பித்தப்பை வலிக்கிறது என்றார். கல்லெடுப்பார் உறிஞ்சினார். கல் விழுந்தது.

செயலாளர் துள்ளிக் குதித்தார். "மாட்டுனியா! என் பித்தப்பையை ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பல வருஷம் ஆச்சு. இல்லாத பையிலேர்ந்து கல்லு எப்படிய்யா வரும்?"

மைக்கார் தொண்டையைச் செருமினார்.

"கேட்டீங்களா மக்களே! பை இருந்தா யாரு வேணும்னாலும் எடுப்பான். பையே இல்லாம எடுத்தாரு நம்ம ஐயா!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்று மாலை வரிசை இரண்டு தெரு நீண்டது. செயலாளரின் கல்லுக்கு அலமாரியில் தனித் தட்டு ஒதுக்கினார்கள். அவர் சங்கத்துக்குத் திரும்பி யாரோடும் பேசாமல் பிஸ்கட் தின்றார்.

இது இப்படியே சிரிப்பாகப் போயிருக்கும், தையல்காரர் மட்டும் இல்லையென்றால். அவருக்கு இருந்தது நிஜக் கல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு துணி வெட்டும் மேஜை மேலேயே சுருண்டு படுத்துவிடுவார். அவர் மனைவியின் தங்கையும் அதே சங்கத்து டாக்டர்தான். ஆனால் மனைவி கல்லெடுப்பாரிடம்தான் கூட்டிப்போனார், அதுவும் இரண்டு தடவை. இரண்டு கல் வந்தது. வலி மட்டும் போகவில்லை.

தங்கை மாமாவைப் பிடித்திழுத்துவந்து முகாமில் ஸ்கேன் எடுக்க வைத்தாள்.

"அக்கா, கல்லு அப்படியே குழாயில அடைச்சிட்டு நிக்குது. சிறுநீரகம் வீங்கியிருக்கு. இன்னும் தள்ளிப்போட்டா கெட்டுப்போயிடும். இன்னைக்கே ஆஸ்பத்திரில சேர்க்கணும்."

"உனக்கென்னடி தெரியும்? நீ காது மூக்கு தொண்டை டாக்டர். உங்க மாமாவுக்குக் கல்லு இருக்கறது இடுப்புல!"

"ஸ்கேன் பாத்துச் சொன்னது அதுக்கு உண்டான டாக்டர்க்கா."

"ஐயா மூணாவது தடவை வரச் சொல்லியிருக்காரு. மூணுல சுத்தமாயிடுமாம்."

தையல்காரர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையைத் தூக்கினார். "யாராவது ஒருத்தர் சீக்கிரம் முடிவு பண்ணுங்களேன்."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "சரிக்கா. மூணாவது தடவையும் பாத்துடலாம். ஆனா எங்க முகாம் மேடையில, எல்லார் முன்னாடியும். கல்லு வரலைன்னா அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ். சரியா?"

அக்கா சம்மதித்தார். மைக்காரோ தலைகால் புரியாமல் குதித்தார். மருத்துவர் சங்கமே மேடை போட்டு அழைக்கிறதே! உடனே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொன்னார். ஊரே வந்தது. மரத்தில் ஏறினார்கள், மதிலில் ஏறினார்கள். கல்லெடுப்பார் உப்பிய கன்னத்தோடு மேடை ஏறினார். தையல்காரர் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்தார்.

தங்கை ஒரு டம்ளர் தண்ணீரோடும் ஒரு கிண்ணத்தோடும் வந்தாள். நெற்றியில் விளக்கு கட்டியிருந்தாள்.

"ஐயா, நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி நாங்கல்லாம் கை கழுவுவோம். நீங்க வாயால தொடறீங்க. ஒரே ஒரு தடவை வாயைக் கொப்பளிச்சுட்டு ஆரம்பிங்க."

கல்லெடுப்பார் தலையை இடவலமாக ஆட்டினார்.

"ஐயா விரதத்துல இருக்காரு!" என்றார் மைக்கார்.

"பேசத்தானே கூடாது? கொப்பளிக்கலாமே."

தலை இன்னும் வேகமாக ஆடியது. மறுத்து ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. வாய் நிறைய வேலை இருந்தது.

அவரைக் கவிழ்த்தது பகுத்தறிவு அல்ல, பக்தி. அக்காவே எழுந்து டம்ளரை வாங்கினார். "தண்ணிதானே ஐயா! இவங்க வாயை அடைக்கவாவது கொப்பளிங்க. என் கையால தர்றேன்" என்று கெஞ்சினார். "கொப்பளிங்க ஐயா, கொப்பளிங்க!" என்று பக்தர் கூட்டம் தாளம் போட்டது.

கல்லெடுப்பாரின் கண்கள் மேடையைச் சுற்றி ஒரு வலம் வந்தன. பிறகு தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. கன்னம் இரண்டும் வற்றின. தண்ணீரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பினார். தங்கை விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தாள். காலி.

"இப்ப எடுங்க ஐயா."

உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. இடம் மாற்றி உறிஞ்சினார். தையல்காரருக்குக் கூச்சம் வந்து, வலியையும் மீறி, "ஐயோ விடுங்க, ஹிஹி, விடுங்க" என்று நெளிந்தார். மூச்சைப் பிடித்து இன்னொரு உறிஞ்சு. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. மதில் மேலிருந்து யாரோ கேட்டார்: "என்னய்யா, வாய் கழுவினா மந்திரமும் கழுவிக்கிட்டுப் போயிடுமா?"

சிரிப்பு எழும்போதே கல்லெடுப்பார் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். விழுங்கியதில் ஒன்று பாதி வழியில் நின்றிருந்தது, உறிஞ்சிய உறிஞ்சில் மூச்சுக்குழாய் வாசலுக்குப் போய்விட்டது. முகம் நீலமானது. மைக்கார் முதல்முறையாக மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

தங்கை ஓடவில்லை. அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டினாள். வரவில்லை. பின்னாலிருந்து வயிற்றைக் கட்டிப்பிடித்து மேல்நோக்கி ஓர் அழுத்து அழுத்தினாள். வாயிலிருந்து ஒரு ஜல்லிக்கல் பறந்து, கீழே கிடந்த மைக்கில் 'டங்' என்று விழுந்தது. ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே கேட்டது.

கல்லெடுப்பார் மூச்சு வாங்கினார். விரதம் முடிந்தது. "மிச்சமும் உள்ள இருக்குங்கம்மா... காப்பாத்துங்க" என்று அழுதார்.

"காப்பாத்தறோம், படுங்க" என்றார் செயலாளர். அவருக்குச் சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது. எக்ஸ்ரேயில் கல்லெடுப்பாரின் வயிறு வீட்டு வாசலில் கொட்டிய ஜல்லிக் குவியலின் சின்னப் படம் போல இருந்தது. இயற்கையாகவே வெளியேறும் வரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் போலீஸ்காரர் காத்திருந்தார். தையல்காரருக்கு அன்றே அடைப்பை நீக்கினார்கள். சிறுநீரகம் தப்பியது. அவர் மனைவி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "தொண்டை டாக்டர்னு உன்னை இளக்காரமா பேசிட்டேனேடி" என்று விசும்பினார்.

முகாமில் அன்று மாலை நிற்க இடமில்லை. ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தங்கையின் காலில் விழப் போனார்.

"தாயே! தொண்டையைத் தொடாமலே கல்லைப் பறக்க வெச்சீங்களே! எந்தச் சக்திம்மா அது? எனக்கும் ஒரு தடவை அழுத்திவிடுங்க!"

தங்கை அவரைப் பிடித்து நிறுத்தினாள். நெற்றி விளக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"முதல்ல நல்லாப் பாருங்கம்மா. யாரு வந்தாலும் இப்படித்தான், பாத்துட்டு அப்புறம் நம்பணும். நான் சொன்னாலும்தான்."