ஜென்செட்டின் ஒரே கச்சேரி

கஷ்டமே இல்லையே என்று கஷ்டப்பட்ட ஒரே மனுஷனை இந்தப் பூமியில் எனக்குத் தெரியும். எங்கள் தெரு அவனுக்கு வைத்த பெயர் ஜென்செட். கரண்ட் போனால் ஓசூரில் எல்லாம் நின்றுவிடும். அவன் வாய் மட்டும் நிற்காது. 'டும் டக், டும்டும் டக்' என்று உதட்டாலேயே தாளம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பான். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள், "ஜெனரேட்டர் செலவ எல்லா வீட்டுக்கும் பிரிப்பாங்களா?" என்று என்னிடம் கவலையோடு விசாரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

பையன் ராப் பாடகன். இன்ஜினீயரிங் முடித்த கையோடு, வேலைக்குப் போகமாட்டேன், பாட்டுதான் வாழ்க்கை என்று அறிவித்துவிட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். என் தலையெழுத்து!

"ராப்புக்கு வலி வேணுங்க்கா," என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிப் புலம்புவான். "எனக்கு என்னா வலி இருக்குது, சொல்லுங்க? வீட்ல ஆர்.ஓ. தண்ணி. அப்பா குடிக்கமாட்டாரு. அம்மா ஊட்டிவிடாத குறை. எதப் பத்திப் பாடுறது?"

"என் காதைப் பத்திப் பாடுறா. அதுல வேணுங்கற அளவுக்கு வலி இருக்கு," என்றேன். கடன்காரன், அதையும் செல்போனில் குறித்துக்கொண்டான்.

வீடியோ எடுக்கிறேன் என்று கழுத்தில் தாம்புக்கயிறு கனத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டு முறைத்தபடி நிற்பான். மார்கழிக் குளிரில் அவன் அம்மா பின்னாலிருந்து வந்து காதுக்கு மஃப்ளர் சுற்றிவிட்டுப் போவாள். அந்த மஃப்ளரோடுதான் சமுதாயத்தைப் பார்த்து விரலை நீட்டுவான். ஓசூர்க்காரன் என்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வரியில் போட்டுக் கலக்கி வைத்திருந்தான். தமிழ்க்காரர்கள் அதைக் கன்னடம் என்று நினைத்தார்கள். கன்னடக்காரர்கள் தெலுங்கு என்றார்கள். தெலுங்குக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வலியைத் தேடி ஒருநாள் ராயக்கோட்டைக்குப் போனான். தக்காளி மண்டியில் ஏலம் விடுகிற வேகம் ராப்புக்கு நிகராக இருக்கிறதாம், அதைப் பதிவு செய்யவேண்டுமாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏலக்காரர் முன்னால் நின்று, தாளத்துக்கு ஏற்றபடி தலையை ஆட்டி ஆட்டி ரசித்திருக்கிறான். மண்டியில் தலையை ஆட்டினால் என்ன அர்த்தம்? விலைக்கு ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம். சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி நிறையத் தக்காளிப் பெட்டிகளோடு வந்து இறங்கினான். "நான் பீட்டுக்குத்தான் ஆட்டுனேன்னு எவ்வளவோ சொன்னங்க்கா!" என்று அழாக்குறை. எங்கள் தெரு முழுக்கத் தக்காளித் தொக்கு, தக்காளி ரசம், தக்காளிச் சோறு. இன்றைக்கும் எனக்குத் தக்காளியைக் கண்டால் ஏப்பம் வருகிறது.

தக்காளிக்குப் பிறகுதான் அவன் அப்பா பொறுமையை இழந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். நான் ஸ்டோர்ஸில் இருக்கும் அதே கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். அதைவிட முக்கியம், பாதுகாப்புக் குழுத் தலைவர். சைரன் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஓடாமல், பேசாமல், வரிசையாக நடந்து கேட் பக்கத்துப் பச்சைப் போர்டுக்குக் கீழே போய் நிற்கவேண்டும். இதை எங்களுக்கு ஒத்திகை மேல் ஒத்திகை நடத்தி மண்டையில் ஏற்றியவர் அவர்தான். தூக்கத்தில் ஊதினாலும் எழுந்து பச்சைப் போர்டைத் தேடுவோம்.

"ஏல, இங்க பாரு," என்றார் மகனிடம். சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. "ஆயுத பூசைக்கு எங்க கம்பெனி மேடையில பாடு. சனம் உக்காந்து கேட்டா, நீ ஒம் பாட்டையே பாத்துக்க, நான் குறுக்க வரமாட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாவன்னா, மறுநாளே டிரெய்னியா சேந்துரணும். சம்மதமா?"

"சம்மதம்பா," என்றான்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததுதான் அதிசயம். கம்பெனியைப் பற்றியே பாடுகிறேன், நிஜ மெஷின் சத்தம் வேண்டும் என்று மகன் கேட்க, அந்தக் கறார் மனிதர் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, பிரஸ் அடிக்கிற சத்தம், கிரேன் நகர்கிற சத்தம் என்று பொறுக்கிப் பொறுக்கிப் பதிவு செய்து கொண்டுவந்தார். நான் பார்க்கவே செல்போனை மெஷினிடம் நீட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். பையன் ராப்பகலாகப் பாட்டுக் கட்டினான். என் வீட்டுக் குக்கர் விசில்கூட அந்தத் தாளத்தில்தான் வந்தது.

*மெஷினு தூங்கல, எங்கப்பன் தூங்கல,*
*மிச்சம் வெச்ச தூக்கத்துல நான் தூங்குறேன்...*

சுவரில் காதை வைத்துக் கேட்டேன். பரவாயில்லையே பயல் என்று தோன்றியது. இரண்டாவது வரியில் போய்க் குக்கரை அணைத்துவிட்டு வந்து மறுபடி காதை வைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் குளிப்பாட்டிச் சந்தனம், குங்குமம். குடும்பம் குட்டியோடு எல்லாரும் ஷாமியானாவுக்குக் கீழே பொரி கொறித்துக்கொண்டிருந்தோம். ஜென்செட் மேடையேறினான். அவன் அப்பா முதல் வரிசையில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பையன் கண்ணை மூடினான். பட்டனைத் தட்டினான். ஸ்பீக்கரில் பாட்டின் முதல் சத்தம் கிளம்பியது.

சைரன்.

எங்கள் கம்பெனி சைரனேதான். கெத்தாக ஆரம்பிக்கட்டும் என்று அப்பா ஆசையாகப் பதிவு செய்து கொடுத்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்தது. பொரியை நாற்காலியில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வரிசையாக நடந்தோம். முதல் ஆளாக எழுந்தவர் அவன் அப்பா! புத்திக்கு எட்டுமுன்னே கால் கிளம்பிவிட்டது. "ஓடாதீய! பேசாதீய! வரிசையா போங்க!" என்று கத்தினார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்து தலை எண்ணத் தொடங்கியவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். அங்கிருந்து மேடை தெரிந்தது. ஜென்செட் கண்ணைத் திறந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. விதிப்படி எலக்ட்ரீஷியன் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். அதற்கப்புறமும் அவன் உதடு அசைந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை.

எங்கேயும் தீ இல்லை என்று தெரிந்து கரண்டைத் திரும்பப் போட்டதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜருக்கோ ஒரே பூரிப்பு. இவ்வளவு ஒழுங்கான ஒத்திகையை அவர் எங்கேயும் கண்டதில்லையாம். அங்கேயே மேடைக்குக் கூப்பிட்டு, மகன் கையிலிருந்து மைக்கை வாங்கி, அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை. அடுத்து ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் உடைந்திருந்தது. "சைரனுக்குத்தாம்லே எந்திரிச்சாவ. ஒம் பாட்டுக்கு இல்ல. அந்தப் பேச்சு செல்லாது. இன்னொருக்கா பாடுலே."

"சைரன் நின்னுச்சில்லப்பா? சும்மாதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிச்சில்ல? 'சரிடா தம்பி, இப்பப் பாடு'ன்னு ஒருத்தர் திரும்பி வந்தாங்களா?"

 இந்தப் பக்கம் நான் வாங்கி வந்த ஸ்வீட் பாக்ஸை மூடிவைத்தேன். மறுநாள் காலையில் அவன் டிரெய்னியாகச் சேர்ந்தான்.

நல்ல வேலைக்காரன் என்கிறார்கள். தெரு நிம்மதியாகத் தூங்குகிறது. எனக்குத்தான் இந்த நிம்மதி சகிக்கவில்லை. போன வாரம் கையுறை வாங்க ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தான். நீலச் சட்டை, கழுத்தில் சங்கிலிக்குப் பதிலாக அடையாள அட்டை.

"டேய், அன்னைக்கு மேடையில பாதியோட நின்னுச்சே, அதப் பாடுறா. இங்க யாரும் இல்ல," என்றேன்.

சிரித்தான். "அதெல்லாம் மறந்துபோச்சுங்க்கா."

கையுறையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறந்துபோச்சாம்! முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எனக்கு வருகிறதேடா, பாவிப் பயலே.