நம் தெருக் குடிலின் புதிய பொம்மை

சான் த்ரோப்பே
டிசம்பர் 22, திங்கள்

என் அன்பிற்குரிய மைத்துனர் அந்தெல்முக்கு,

உன் அத்தான் ஒனொரே தால்மாஸ் எழுதுவது. உன் அக்கா ஒதில் நலம். என் இடது முழங்கால் நலமில்லை, மற்ற பாகங்கள் நலம். லியோன் நகரத்துப் பனிமூட்டத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற அளவுக்காவது நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை பத்தேகாலுக்கு உறுதியான செய்தி: இந்த ஆண்டு எங்கள் தெருக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கப்போகும் புதிய மண் பொம்மை நான்தான். ஆதாரம், ரொட்டிக்கடை மதாம் பெரிஸ்ஸோல். இரண்டாவது ஆதாரம், அவருடைய கணவர். பக்கத்தில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தார், மறுக்கவில்லை. நாற்பத்தொரு வருஷம் பத்திரிகையில் இருந்தவன் ஒரே ஆளின் பேச்சை நம்பி உனக்குக் கடிதம் எழுத மாட்டேன்.

கல்லறைத் திருநாளன்று தொலைபேசியில் நீ சொன்னது வீட்டிலிருக்கும் என் பழைய குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. "அத்தான், கோடைக்காலத்துல உங்க ஊரு சினிமா நட்சத்திரங்களுக்கு. குளிர்காலத்துல பூனைகளுக்கு. நடுவுல நீங்க எதுக்கு அங்க இருக்கீங்க?" என்றாய். உன் அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பதிலாக இன்று நேரில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். உல்லாசப் படகுகள் போய்விட்டதால் துறைமுகத்தில் இப்போது தண்ணீர் தெரிகிறது. சதுக்கத்து மரங்கள் இலையெல்லாம் கொட்டி நிற்கின்றன, அவற்றின் கீழே நான்கு பேர் ஓவர்கோட்டும் கையுறையுமாக இரும்புக் குண்டு எறிந்து விளையாடுகிறார்கள், யாருடைய குண்டு கிட்டே விழுந்தது என்று அளக்கக் கையுறையைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஒருவரும் சண்டைக்குப் போவதில்லை. கோடையில் கைப்பை விற்கும் கடையின் கண்ணாடிக்குள் ஆளுயரத் தங்கநிற மான் நிற்கிறது, அதன் கழுத்தில் விலைச்சீட்டு இல்லை என்பதால் எல்லாரும் நிம்மதியாகப் பார்க்கிறோம். நான்காம் தேதி, சாந்த் பார்ப் புனிதையின் நாளன்று, வரும் வருஷம் செழிக்க ஈரப் பஞ்சில் தூவிய கோதுமை ஒவ்வொரு ஜன்னலிலும் முளைத்துவிட்டது, எதிர்வீட்டு முளை நம் வீட்டு முளையைவிட அரை விரல் உயரம், அதைப் பற்றி உன் அக்கா பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவுக்கான பதின்மூன்று இனிப்புகளில் பதினொன்று தயார். உன் ஊர் விளக்குத் திருவிழாவில் லட்சம் பேர் கூடுவார்கள் என்பாய். கூடட்டும். இங்கே ஒரு விளக்கு அணைந்தால் அது யார் வீட்டு வாசல் விளக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

இனி முக்கிய விஷயம். எங்கள் தெருக் குடில் ரொட்டிக்கடை ஜன்னலில் வைக்கப்படுகிறது. தொழுவத்தைச் சுற்றி மீன்காரி, சாணை பிடிப்பவன், வாத்து தூக்கி வரும் அம்மாள் என்று விரல் உயர மண் பொம்மைகள், எல்லார் கையிலும் குழந்தைக்கு ஏதாவது ஒரு காணிக்கை. வருஷத்துக்கு ஒரு புதிய பொம்மை சேரும், அது எங்கள் தெருவில் உயிரோடிருக்கும் ஒருவரைப் பார்த்துச் செய்தது. ஒருமுறை உள்ளே போனால் போனதுதான், ஆள் செத்தாலும் வெளியே எடுக்க மாட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன் காலமான பாதிரியார் இன்றும் டிசம்பர் பிறந்தால், பொம்மைகளைச் சுற்றி வைக்கும் பஞ்சுக்குள்ளிருந்து எழுந்து வருகிறார். போன வருஷம் மீனவன் தோனென் உள்ளே போனான், கையில் வலையோடு. என்னைவிடப் பதினாறு வயது சின்னவன். அதை நான் பெரிதுபடுத்தவில்லை, உன் அக்காவிடம் இரண்டு மூன்று தடவைதான் சொன்னேன்.

ஒரு இடம் மட்டும் இப்போது காலி. இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயைப் பிளந்து, காணிக்கை எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நிற்பானே அந்த அப்பாவி, ஊரில் யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் சொல்லிக் காட்டுவார்கள், அவனைப் போன பிப்ரவரியில் ரொட்டிக்கடைப் பூனை தட்டி உடைத்துவிட்டது. உருண்டு கிடந்த தலையைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது என்று அப்போதே எழுதியிருந்தேன். நீ பதில் போடவில்லை.

யாரைச் செய்கிறார்கள் என்பது ரகசியம். ஆனால் பொம்மை செய்யும் செராஃபின் ஆளைப் பார்க்காமல் செய்ய மாட்டார். இந்த மாதம் முதல் வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து அவர் காபிக் கடையில் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த நேரம் முறையே ஏழு, பன்னிரண்டு, ஒன்பது நிமிஷங்கள். அதற்குமேல் எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. குடிலில் குறிப்பேடு பிடித்த பொம்மை இதுவரை இல்லை, ஆகவே அவருக்கு உதவலாமென்று என் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, காதில் பென்சில், கையில் குறிப்பேடு என்று எங்கே போனாலும் அப்படியே போனேன், என் நல்ல பக்கம் வலது பக்கம் என்பதால் அது அவர் பார்வையில் படும்படி உட்கார்ந்தேன், அந்த நாற்காலி சரியாகக் கதவுக்கு எதிரே, கதவு திறக்கும்போதெல்லாம் வடகாற்று, இரண்டாம் நாளே ஜலதோஷம். மருந்துக்கடைக்காரர் மருந்தைக் கொடுத்துவிட்டு, மழையில்லாத நாளில் மழைக்கோட்டு எதற்கு என்று கேட்டார். தகவல் தர மறுத்துவிட்டேன்.

பதினான்காம் தேதி ஞாயிறு, தோனெனின் படகில் கிறிஸ்துமஸ் தாத்தா துறைமுகத்துக்கு வரும் நாள். தாத்தா வேஷம் அதே மருந்துக்கடைக்காரர். ஊரே அலைதடுப்புச் சுவரில் நின்றது, செராஃபினும் நின்றார், அதனால் நான் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று எழுத ஆரம்பித்தேன். காற்று முதலில் என் தொப்பியை எடுத்தது. அதைப் பிடிக்க ஒரு கையைத் தூக்கினேன், அப்போது குறிப்பேடு கடலுக்குப் போனது, அதற்கு இன்னொரு கையைத் தூக்கினேன். இரண்டு கையும் மேலே நிற்பதைப் பார்த்த தோனென், இந்தப் பக்கம் வா என்று நான் கூப்பிடுவதாக நினைத்துப் படகைத் திருப்பிவிட்டான். படகு சுவரில் இடித்தது. தாத்தா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் அன்று காலை தோனென் பிடித்து வைத்த கடல் முள்ளெலிக் கூடை இருந்தது, அதில் உடம்பு முழுக்க முள்ளோடு நாற்பது உருப்படிகள். தாத்தா எழுந்த வேகத்தில் மிட்டாய் மூட்டை தண்ணீருக்குள் போனது, கடற்காகங்கள் வந்தன, பிள்ளைகள் இதுவும் நிகழ்ச்சிதான் என்று கை தட்டினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"கையை இறக்குங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் உன் அக்கா.

தோனென் கரையேறி நேராக என்னிடம் வந்தான். "ரெண்டு கையையும் தூக்கினா வான்னு அர்த்தம், முசியே தால்மாஸ். இருபது வருஷமா கடல்ல கிடக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றான். தொப்பிக்காகத் தூக்கியது என்று விளக்கினேன். "தொப்பி எங்க?" என்று கேட்டான். அது அப்போது விரிகுடாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் இந்த வாரம் பூசையில் நின்றுகொண்டே இருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். ஆனால் நீ கவனிக்க வேண்டியது வேறு: இவ்வளவு அமளியிலும் செராஃபின் ஒரு காகிதத்தை எடுத்து என்னைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். நான் கடமையில் இருந்ததை அவர் தன் கண்ணால் பார்த்துவிட்டார். இன்று காலை மதாம் பெரிஸ்ஸோலிடம் நேரடியாகவே கேட்டேன். "நீங்கதான். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றார். கையெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டேன். "கைதான் ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார். கணவர் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆகவே அந்தெல்ம், நீ ஜனவரி முதல் வாரம் வருகிறாய். ஏழு வருஷமாக வராததற்கு நீ சொன்ன ஏழு காரணங்களும் என்னிடம் எழுத்தில் உள்ளன, எட்டாவதை ஏற்க மாட்டேன். ஜன்னலுக்கு முன்னால் நின்று, குறிப்பேட்டோடு இருக்கும் உன் அத்தானைப் பார்த்து, இந்த ஊரில் நான் எதற்கு இருக்கிறேன் என்று அப்போது கேள். கர்த்தர் உன் வீட்டாருக்குச் சூடான அறைகளையும், உனக்குக் கொஞ்சம் அடக்கத்தையும் அருளட்டும். உன் அக்கா முத்தங்கள் அனுப்புகிறாள், கோதுமை முளை பற்றிக் கேட்க வேண்டாம் என்கிறாள்.

உன் அன்பு அத்தான்,
ஒனொரே

பின்குறிப்பு: டிசம்பர் 24, மாலை ஏழு மணி. செய்தியை முழுமையாக்கலாமென்று கடிதத்தைத் திறப்பு விழா வரை நிறுத்தி வைத்திருந்தேன். திருத்தம்: மேலே 'குறிப்பேட்டோடு' என்று வரும் இடத்தில் அதை நீக்கிப் படிக்கவும். மாலை ஆறு மணிக்குத் துணியை விலக்கினார்கள். கோட்டு என்னுடையது. மூக்கு என்னுடையது. இரண்டு கையும் மேலே இருக்கின்றன, வாய் பிளந்திருக்கிறது, தலையில் தொப்பி இல்லை. பூனை உடைத்த பொம்மையின் இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். "அதே கை," என்றான் தோனென். "அதை நம்பித்தான் படகைத் திருப்பினேன்." உன் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் நின்னீங்க," என்றாள்.

குறிப்பேடு எங்கே என்று செராஃபினிடம் கேட்டேன். "அது காத்துல போச்சே, நான் பாத்தேனே. பாத்ததைத்தான் செய்வேன். நீங்களும் பாத்ததைத்தானே எழுதுவீங்க?" என்றார். அப்போதுதான் மாவு பிசைகிறவர், பெரிஸ்ஸோல், இந்த விஷயத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார். "தொழுவத்துக்கு எல்லாரும் எதையாவது தூக்கிட்டு வர்றாங்க. சும்மா வந்து பாக்கறதுக்கு ஒருத்தன் வேணும்ல. இந்த மாசம் பூரா அந்த ஆள் இல்லாம குடிலே சரியில்ல." நாற்பத்தொரு வருஷம் நான் செய்த வேலைக்கு இதைவிடச் சுருக்கமான விவரத்தை எந்த ஆசிரியரும் தந்ததில்லை. கூட்டம் கலைந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். குழந்தைக்கு மிக அருகே நிற்பது நான்தான். தோனென் எனக்குப் பின்னால் இரண்டாவது வரிசை.

வீட்டுக்கு வந்ததும் 'ஜனவரி முதல் வாரம்' என்பதை அடித்து 'பிப்ரவரி 3' என்று மாற்றலாமென்று பேனாவை எடுத்தேன், பொம்மைகளை இரண்டாம் தேதியே பஞ்சில் சுற்றிவிடுவார்கள். மாற்றவில்லை. ஜனவரியிலேயே வா. உடைந்த தலையைப் பற்றி நான் எழுதியதற்கு மறுப்புத் தெரிவிக்க உனக்கு உரிமை உண்டு.

நிலுவையில் இருப்பது: குறிப்பேடு. அதைக் கண்ணால் பார்த்தால் நகம் அளவில் செய்து என் காலடியில் வைப்பதாகச் செராஃபின் ஒப்புக்கொண்டிருக்கிறார். தோனென் 26ஆம் தேதி காலை அது விழுந்த பக்கம் வலை எடுக்கிறான். கிடைத்தால் தருவதாகச் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். இந்த நிமிஷம் வரை உறுதி செய்யப்படவில்லை.